மனைவிக்கு ஒரே ஒரு ஜோடி ஸ்கீ: வைப்பது தக்கலையில், ஓட்டுவது குல்மார்க்கில். எதை வாங்கலாம்?

வேளிமலைச்சாரல்:
வணக்கம். தலைப்பைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

மனைவி ம்யூனிக்கில் வேலை பார்த்த காலத்தில் ஸ்கீ, அதாவது பனிச்சறுக்கு, கற்றுக்கொண்டாள். தக்கலைக்குத் திரும்பி வந்த பிறகும் அந்தப் பைத்தியம் விடவில்லை. பிப்ரவரி பிறந்தால் காஷ்மீரில் குல்மார்க். ஆபீஸ் வேலையாக ஜெர்மனி போக நேர்ந்தால் அங்கே ஒரு சனி, ஞாயிறு. இதுவரை எல்லாம் வாடகைக் கட்டைதான் (ஸ்கீயைத்தான் கட்டை என்கிறேன்). குல்மார்க் வாடகைக் கடையில் ஒரு வருடம் எட்ஜ் (கட்டையின் ஓரத்து இரும்பு) துருப்பிடித்ததைக் கொடுத்தார்கள், இன்னொரு வருடம் பூட்ஸைக் கட்டையோடு பிடிக்கிற பைண்டிங் ஒன்று கழன்று கழன்று வந்தது. வரும் பிறந்தநாளுக்குச் சொந்தமாக ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்து அசத்தலாம் என்று நினைக்கிறேன். பல ஜோடி வாங்க வசதியும் இல்லை, வைக்க இடமும் இல்லை. எல்லா இடத்துக்கும் ஒத்துப்போகிற ஒன்று வேண்டும்.

உயரம் 160 செ.மீ., எடை 58 கிலோ. சுமாராக ஓட்டுவாள், நிதானமான ஆள். நான் சறுக்குவதில்லை. கீழே நின்று போட்டோ எடுப்பேன்.

பறக்கைப்பையன்:
அண்ணே, மணவாளக்குறிச்சி மணலில் ஓட்டிப் பார்க்கலாமே, கறுப்புப் பனி மாதிரி இருக்கும் 😄

சுபேதார்_ஓய்வு:
சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? நம் மாவட்டத்தில் பட்டாளத்துக்குப் போகாத குடும்பம் எத்தனை? குல்மார்க்கில் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளி இருக்கிறது, அங்கே நம் ஊர்ப் பையன்கள் பலர் ஸ்கீ கட்டியிருக்கிறார்கள். நானும் கட்டியவன்தான். அது வேறு ரகம். குதிகால் தூக்கி நடந்து ஏறுகிற கட்டை, முதுகில் மூட்டை. அதனால் கடைச் சரக்கைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, மலையைப் பற்றித் தெரியும்.

தம்பி, குல்மார்க் என்பது ஒரே மலை இல்லை. ஊர் 2,650 மீட்டர். கோண்டோலா என்கிற கம்பிவட வண்டியின் முதல் கட்டம் கோங்டூரி வரைக்கும். அங்கே தட்டிச் சமப்படுத்திய சரிவு, படிப்பவர்கள், சுற்றுலாக்காரர்கள். இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலையின் தோள்பட்டை வரை, ஏறத்தாழ 4,000 மீட்டர். அங்கிருந்து இறங்கினால் யாரும் தட்டி வைக்காத பனி, புதிதாகப் பெய்திருந்தால் முழங்கால் வரை. இரண்டுக்கும் ஒரே கட்டை கேட்கிறீர். முதலில் அவர் எதுவரை போகிறார் என்று சொல்லும்.

தேரேகால்புதூர்:
நான் எதிர்க்கட்சி. வருடத்தில் ஒரு வாரம் பயன்படுத்த ஒரு லட்சம் போடுவதா? 2024 ஜனவரியில் குல்மார்க்கில் புல்தான் இருந்தது, பனியே இல்லை. பத்திரிகையில் எல்லாம் படம் வந்தது. அப்படி ஒரு வருடம் வந்தால் சொந்தக் கட்டை மூலையில் நின்று உங்களைப் பார்க்கும். நல்ல வாடகைக் கடையாகப் பார்த்து முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முடிந்தது.

வேளிமலைச்சாரல்:
சார், கணக்கு சரிதான். ஆனால் கணக்குப் பார்த்தால் குல்மார்க்கே போகக்கூடாது. சுபேதார் ஐயா, எனக்குத் தெரிந்து கோங்டூரியில்தான் ஓட்டுகிறாள்.

இன்ஸ்ப்ரூக்_மார்த்தாண்டம்:
தம்பி, நான் மார்த்தாண்டத்துக்காரி, இங்கே ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக்கில் நர்ஸ். வேலைக்கு வந்த புதிதில் பனியைக் கண்டாலே பயம். இப்போது டூட்டி முடிந்தால் பஸ் பிடித்து மலைக்குப் போகிற ஆள். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக.

கட்டையைப் பார்க்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பூட்ஸுக்கு நேர் கீழே உள்ள அகலம். எல்லாவிதப் பனிக்கும் என்று ஆல்-மவுண்டன் பெயரில் விற்பவை பெரும்பாலும் 80 முதல் 100 மி.மீ.க்குள் வரும். இறுகின பனியில் குறுகலான கட்டைதான் சுகம். அகலம் கூடினால் எட்ஜ் காலுக்கு நடுவிலிருந்து வெளியே தள்ளிப்போகிறது, சாய்த்துப் பிடிக்க முழங்கால் அதிகமாக உழைக்க வேண்டும். சாயங்காலம் அந்த வலி தெரியும். மிருதுவான ஆழமான பனியில் நேர் எதிர்: குறுகலானது முங்கும், அகலமானது மிதக்கும். தட்டிய சரிவில்தான் பெரும்பாலும் என்றால் 82 முதல் 88 போதும். பாதிப் பாதி என்றால் 90க்கு மேலே பாருங்கள்.

அடுத்தது வளைவு. பழைய கட்டைகளை மேசையில் வைத்தால் நடுப்பகுதி தூக்கி நிற்கும், இரண்டு முனையும் தொடும். அதற்குக் கேம்பர் என்று பெயர். எட்ஜ் முழுக்கப் பனியைப் பிடிக்கும். இப்போது வருபவற்றில் முன்முனை சீக்கிரமே மேலே எழும்பத் தொடங்கிவிடும், அது ராக்கர். மிருதுவான பனியில் மூக்கு முங்காது, திரும்புவதும் எளிது. உங்களுக்கு வேண்டியது முன்னால் ராக்கர், காலுக்குக் கீழே கேம்பர், பின்னால் லேசான ராக்கர். பெரும்பாலான ஆல்-மவுண்டன் கட்டை இப்போது இப்படித்தான் வருகிறது, தேடி அலைய வேண்டாம்.

நீளம்: 160 செ.மீ. ஆளுக்கு 156 முதல் 163க்குள் எதுவும் சரி. ராக்கர் அதிகம் உள்ள கட்டையில் பனியைத் தொடுகிற நீளம் குறைவு, அதனால் கொஞ்சம் நீளமாக எடுக்கலாம். தாடைக்கும் நெற்றிக்கும் நடுவில் என்று கடையில் சொல்வார்கள். தவறில்லை, ஆனால் எடையும் ஓட்டுகிற வேகமும்தான் முக்கியம்.

பெண்களுக்கான கட்டை என்று தனியாக விற்பார்கள். எடை குறைவு, பைண்டிங் வைக்கும் இடம் சில சமயம் கொஞ்சம் முன்னால். சில கம்பெனிகளில் நிஜமாகவே உள்ளே கட்டுமானம் வேறு. சிலவற்றில் அதே கட்டை, மேலே படம் மட்டும் வேறு. பூப்படம் பார்த்து வாங்காதீர்கள்.

பறக்கைப்பையன்:
அக்கா, பெயர் சொல்லுங்க. எங்களுக்கும் தெரிஞ்சுக்கலாமே.

இன்ஸ்ப்ரூக்_மார்த்தாண்டம்:
ப்ளிஸார்ட் பிளாக் பேர்ல் 88 (பெயரில் உள்ள எண் அகலம்), பல வருடமாகப் பெண்கள் அதிகம் வாங்குகிற கட்டை, சுமாராக ஓட்டுபவர் முதல் நன்றாக ஓட்டுபவர் வரைக்கும் பொருந்தும். நார்டிகா சாண்டா அனா உள்ளே டைட்டனால் என்கிற அலுமினியக் கலவைத் தகடு வைத்தது, வேகத்தில் நடுங்காது, ஆனால் கனம். அழுத்தி ஓட்டத் தெரியாத ஆளை அந்தக் கட்டையே ஓட்டிவிடும். ஃபோல்க்ள் சீக்ரெட்டும் அந்த ஜாதிதான். ஈலான் ரிப்ஸ்டிக் லேசானது; அதில் இடது கால், வலது கால் என்று தனித்தனி. மாற்றிக் கட்டினால் ஓடும், ஆனால் அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்தப் பலன் இருக்காது. ராசினோல் எக்ஸ்பீரியன்ஸ் 82 தட்டிய சரிவுக்கு அருமை.

இப்போது சொன்ன அளவுக்கு நான் பிளாக் பேர்ல் 88, நீளம் 159 என்பேன்.

சுபேதார்_ஓய்வு:
கொள்ளாம். கோங்டூரி வரைக்கும் என்றால் 88 தாராளம்.

கல்குளம்_டீச்சர்:
எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டீர்கள் போல. ஒரே ஒரு கேள்வி. இது ஓட்டப்போகிறவருக்குத் தெரியுமா?

என் கணவர் எனக்குத் தெரியாமல் ஸ்கூட்டி வாங்கி வந்தார். சீட் உயரம், கால் தரையில் எட்டவில்லை. ஒரு வருடம் அவரே ஓட்டினார். புடவை என்றால் கடையில் மாற்றலாம், கட்டையில் துளை போட்ட பிறகு யார் மாற்றித் தருவார்? பிறந்தநாளுக்கு வேறு ஏதாவது கொடுத்து அசத்துங்கள், இதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்ஸ்ப்ரூக்_மார்த்தாண்டம்:
டீச்சர் சொல்வது நூற்றுக்கு நூறு. இன்னொன்று, பூட்ஸ் எப்படி இருக்கிறது? கட்டையை விட பூட்ஸ்தான் பாதி வேலை. கால் உள்ளே ஆடினால் எந்தக் கட்டையும் சொன்ன பேச்சுக் கேட்காது. பணம் ஒன்றுக்குத்தான் உண்டு என்றால் பூட்ஸுக்குப் போடுங்கள், கட்டை வாடகைக்கு எடுங்கள். தேரேகால்புதூர் சார் சந்தோஷப்படுவார்.

வேளிமலைச்சாரல்:
பூட்ஸ் ம்யூனிக்கில் 2018-இல் வாங்கியது. பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன். மேலே பிளாஸ்டிக் நன்றாகத்தான் இருக்கிறது. உள்பூட்ஸை உருவினால் குதிகால் பக்கம் வட்டமாகப் பச்சைப் பூஞ்சை, வாசனை கேட்க வேண்டாம். குதிகாலில் அடிநீளம் 285 மி.மீ. என்று பொறித்திருக்கிறது.

குளச்சல்_போட்மெக்கானிக்:
ஸ்கீ பற்றி ஒன்றும் தெரியாது, பூஞ்சையும் துருவும் பற்றிக் கேளுங்கள். கடல் காற்று அடிக்கிற ஊரில் மூடி வைத்தால்தான் கெடும். அந்த உள்பூட்ஸை வெளியே எடுத்து நிழலில் ஃபேன் காற்றில் இரண்டு நாள் காயப் போடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், ஒட்டு விட்டுப்போகும். மழைக்காலம் முடிந்து அலமாரியைத் திறந்தால் ஷூவின் அடிப்பாகம் தனியாக வருமே, எல்லோர் வீட்டிலும் நடந்திருக்கும். அந்த நுரை ரப்பர் ஈரத்தில் மட்கிப்போவதுதான் காரணம். பழைய பிளாஸ்டிக்கை நகத்தால் அழுத்திப் பாருங்கள், கொக்கி பக்கத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அப்புறம் அந்தக் கட்டையில் எட்ஜ் என்கிறீர்களே, அது என்ன இரும்பு?

இன்ஸ்ப்ரூக்_மார்த்தாண்டம்:
சாதாரண கடினப்படுத்திய ஸ்டீல் அண்ணே. ஸ்டெயின்லெஸ் இல்லை. ஈரத்தோடு பையில் போட்டு மூடினால் இங்கேயே ஒரே ராத்திரியில் செம்மண் நிறம் வந்துவிடும்.

குளச்சல்_போட்மெக்கானிக்:
அப்படியானால் தக்கலையில் ஒரு பருவமழைக்குத் தாங்காது. நமக்கு ஒன்றல்ல, இரண்டு மழை. அவுட்போர்டு என்ஜினுக்குச் செய்வதுபோல நல்ல தண்ணீர் விட்டுத் துடைத்து, காயவைத்து, கிரீஸ் பூசி வையுங்கள்.

பறக்கைப்பையன்:
தேங்காய் எண்ணெய் பூசினால் போதாதா? வீட்டிலேயே இருக்கு.

குளச்சல்_போட்மெக்கானிக்:
மக்கா, தேங்காய் எண்ணெய் நாளானால் காறும், தூசி ஒட்டும், எறும்பும் வரும். அது முடிக்கு.

இன்ஸ்ப்ரூக்_மார்த்தாண்டம்:
கிரீஸும் வேண்டாம். கட்டையின் அடிப்பாகம் பாலிஎதிலீன், மெழுகு ஏறுவதற்காகவே செய்தது. அங்கே கிரீஸ் பட்டால் அப்புறம் மெழுகு பிடிக்காது. இங்கே சீசன் முடிந்ததும் நாங்கள் செய்வது: அடிப்பாகத்தைச் சுத்தம் செய்து, ஸ்கீ மெழுகை உருக்கி இஸ்திரிப் பெட்டியால் கனமாகப் பரப்பி, எட்ஜையும் சேர்த்து மூடிவிடுவோம். சுரண்டாமல் அப்படியே விட்டுவிட வேண்டும். அடுத்த சீசனில் போகும் முன் சுரண்டினால் போதும். துணி தேய்க்கிற நீராவிப் பெட்டி வேண்டாம், ஓட்டை ஓட்டையாக இருக்கும், வெப்பமும் நிலையாக நிற்காது. பழைய தட்டையான பெட்டி ஒன்று இதற்கென்றே ஒதுக்குங்கள், மெழுகு புகைய ஆரம்பித்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். இரண்டு கட்டையையும் இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள், நடு வளைவு நாளடைவில் தட்டையாகும். சிமென்ட் தரையில் சாத்தாதீர்கள்.

குளச்சல்_போட்மெக்கானிக்:
மெழுகு போட்டு மூடுவது நல்ல யோசனை. காற்றே படாது. பரண் வேண்டாம், ஓட்டுக்குக் கீழே சித்திரை மாதச் சூடு. படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் சுவர் தொடாமல் நிறுத்துங்கள். ஆவணியில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

வேளிமலைச்சாரல்:
டீச்சர் சொன்னபடி கேட்டுவிட்டேன். ரகசியம் போயிற்று. இந்த இழை முழுவதையும் படித்தாள். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"நிதானமான ஆளா? நீ கோங்டூரியில் காஷ்மீர்த் தேநீர் காவா குடித்துக்கொண்டு நிற்பாய். நான் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறேன் என்று எப்போதாவது கேட்டிருக்கிறாயா? காலையில் ஒரு ரவுண்டு அங்கே ஓட்டுவேன், கால் சூடாக. அப்புறம் கைடு கூட்டிக்கொண்டு மேலே. பனி நன்றாக இருந்தால் மரங்களுக்கு நடுவே பாபாரேஷி பக்கம் இறங்குவேன். போன வருடம் அடிவாரத்து டங்மார்க் ஊர் வரைக்கும் இறங்கி ஜீப்பில் ஏறி வந்தேன். நீ தேடிக்கொண்டிருந்தாயே, அன்றைக்குத்தான்."

எனக்கு இது செய்தி.

பறக்கைப்பையன்:
😂😂😂 அண்ணிக்கு ஒரு சல்யூட்

சுபேதார்_ஓய்வு:
அம்மா, டங்மார்க் வரை இறங்குகிற ஆளுக்கு 88 பற்றாது. புதுப்பனியில் மூக்கு புதைந்தால் மரத்துக்கு நடுவே கட்டையைத் தேடி எடுப்பது பெரும்பாடு.

கட்டைக்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். பனியில் புதைந்தவரைச் சிக்னல் வைத்துத் தேடுகிற பீக்கன், மண்வெட்டி, பனியில் குத்திப் பார்க்கிற நீளக் கம்பி மூன்றும் கூட இருக்கிறதா? கைடிடம் இருந்தால் போதாது. கைடு புதைந்தால் அவரை யார் தோண்டுவது? குல்மார்க் மலையில் 2023 பிப்ரவரியிலும் 2024 பிப்ரவரியிலும் பனிச்சரிவில் வெளிநாட்டு ஸ்கீயர்கள் இறந்தார்கள். காலையில் பனிச்சரிவு அறிவிப்பு வரும், அதைப் பார்க்காமல் மேலே ஏறவே கூடாது. பட்ஜெட்டில் முதல் பங்கு அந்த மூன்று சாமானுக்கு.

தேரேகால்புதூர்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், வேறு வார்த்தையில். ஆழமான பனி நாளுக்கு மட்டும் அங்கே 105, 110 அகலக் கட்டை வாடகைக்குக் கிடைக்கும். அந்த ஊர் கடைகளில் அகலக் கட்டைக்குப் பஞ்சமில்லை. சொந்தக் கட்டை 88ஆகவே இருக்கட்டும்.

இன்ஸ்ப்ரூக்_மார்த்தாண்டம்:
சார், அது நல்ல யோசனைதான், ஆனால் அவர் கேட்டது ஒரே ஜோடி. தவிர, பாதி நாள் மேலே, பாதி நாள் கீழே என்றால் மதியம் கடைக்குப் போய் மாற்றிக்கொண்டா இருக்க முடியும்?

நான் முன்னால் சொன்னதை மாற்றுகிறேன், ஏனென்றால் ஆளே மாறிவிட்டார். 94 முதல் 96 மி.மீ. அகலம், நீளம் 162ஐ ஒட்டி. மரங்களுக்கு நடுவே சட்டென்று திரும்ப வேண்டும், அதனால் திரும்பும் ஆரம் (கட்டை இயல்பாகப் போடுகிற வட்டத்தின் அளவு, கட்டையிலேயே எழுதியிருக்கும்) 14, 15 மீட்டரைச் சுற்றி இருக்கட்டும். முழு டைட்டனால் தகடு உள்ள கனமான கட்டை வேண்டாம். நடுவில் மட்டும் உலோகமோ, மரமும் கார்பனுமோ போதும். ஆல்ப்ஸில் காலையில் இறுகின பனியில் 88 அளவுக்குக் கச்சிதமாகக் கடிக்காது. அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மேலே மிதக்க வேண்டும் என்றால் கீழே கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

கல்குளம்_டீச்சர்:
கேட்டதால் 88 போய் 95 வந்தது. ஸ்கூட்டியை நினைத்துக்கொண்டேன்.

வேளிமலைச்சாரல்:
டீச்சர், போதும் 🙏

பைண்டிங் பற்றிச் சொல்லுங்கள் அக்கா. இங்கே சரிசெய்ய யாரும் கிடையாது, நாகர்கோவிலில் சைக்கிள் கடைக்காரரிடமா கொண்டுபோவேன்?

இன்ஸ்ப்ரூக்_மார்த்தாண்டம்:
அதனால்தான் தண்டவாளத்தில் நகர்த்துகிற வகை எடுங்கள், கடைகளில் டெஸ்ட் கட்டையில் போட்டிருப்பார்களே, அது. கொஞ்சம் கனம். ஆனால் நாளைக்குப் பூட்ஸ் மாறினால் புதுத் துளை போட வேண்டாம், நகர்த்தினால் போதும். விடுவிப்பு அளவு, அதாவது எவ்வளவு விசைக்குப் பூட்ஸை விட வேண்டும் என்கிற எண், 4 முதல் 11 வரை உள்ளது தாராளம். அவர் எடைக்கு 5, 6 அக்கம்பக்கம்தான் வரும். அந்த எண்ணை நீங்களே திருகி வைக்காதீர்கள். எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிநீளம், எப்படி ஓட்டுகிறார், இத்தனையும் அட்டவணையில் பார்த்துக் கடையில் வைத்து, மெஷினில் சோதித்துத் தருவார்கள். 50 வயதுக்கு மேல் அது குறையும். விழும்போது கட்டை கழலாமல் இருந்தால் முழங்கால் தசைநார் போகும், எங்கள் வார்டில் சீசன் முழுக்க அதுதான் காட்சி.

பிரேக் அகலம் கட்டை அகலத்துக்குச் சமமாக, அல்லது 15 மி.மீ.க்குள் கூடுதலாக. 95க்கு 100 அல்லது 110 பிரேக். இப்போது வரும் பூட்ஸ்களில் கிரிப்வாக் என்று வளைந்த அடி உண்டு. அதற்கு ஒத்துவருகிற பைண்டிங் வாங்கிவிட்டால் பழைய தட்டை அடி பூட்ஸுக்கும் சரியாகும், நாளைய பூட்ஸுக்கும் சரியாகும்.

சுபேதார்_ஓய்வு:
கொண்டுபோவது எப்படி? விமானமா? ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் நம் கன்னியாகுமரியிலிருந்து நேரே ஜம்மு பக்கம் கட்ராவுக்கே போகிறது. மூன்று ராத்திரி. அங்கிருந்து 2025 ஜூன் முதல் ஸ்ரீநகருக்கு வந்தே பாரத்.

தேரேகால்புதூர்:
ரயில் பெட்டிக்குள் 100 செ.மீ.க்கு நீளமான பெட்டி கொண்டுபோக விதி இடம் தராது, லக்கேஜ் வேனில் பதிவு செய்ய வேண்டும். வேனில் போட்டால் மேலே என்ன மூட்டை விழும் என்று தெரியாது. கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் வெளிநாட்டுக் கட்டை.

வேளிமலைச்சாரல்:
திருவனந்தபுரத்திலிருந்து விமானம்தான், டெல்லியில் மாறி. விளையாட்டுச் சாமான் என்று டிக்கெட் போடும்போதே எழுதிவிடுகிறேன். அவளே அப்படித்தான் சொன்னாள். முடிவாக அவள் கேட்பது: மார்ச் கடைசியில் ஆபீஸ் வேலையாக ம்யூனிக் போகிறாள், அப்போது வாங்கினால் நல்லதா?

இன்ஸ்ப்ரூக்_மார்த்தாண்டம்:
அதைவிட நல்ல நேரம் இல்லை. சீசன் முடிகிற நேரம், கடைகள் அந்த வருடச் சரக்கைத் தள்ளிவிடும். டெஸ்டுக்கு விட்ட கட்டைகளும் தண்டவாள பைண்டிங்கோடு விலைக்கு வரும், உங்களுக்கு வேண்டியதே அதுதான். அடிப்பாகத்தில் ஆழமான கீறல், எட்ஜில் வெடிப்பு இரண்டும் இல்லையா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

ம்யூனிக்கிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம்தான், இங்கே வரச் சொல்லுங்கள். ஸ்டுபாய் பனியாற்றில் ஏப்ரலிலும் ஓட்டலாம். கடையில் மூன்று நான்கு ஜோடியை ஒவ்வொன்றாக வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்க்கட்டும், வாங்கினால் பல கடைகளில் அந்த வாடகையைக் கழித்துக்கொள்வார்கள். பழைய பூட்ஸைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். பூஞ்சை போகவில்லை என்றால் உள்பூட்ஸ் மட்டும் தனியாகக் கிடைக்கும், அதையும் மாற்றிக்கொள்ளலாம். வரும்போது எனக்கு நேந்திரம் சிப்ஸ் ஒரு கிலோ, உப்புப் போட்டது.

வேளிமலைச்சாரல்:
இரண்டு கிலோவே தருகிறாளாம். பீக்கன், மண்வெட்டி, கம்பி மூன்றையும் நான் இன்றைக்கே தேடத் தொடங்கிவிட்டேன் ஐயா. பீக்கன் எனக்கும் ஒன்று வேண்டுமா என்று கேட்டதற்கு, "காவாக் கடையில் பனிச்சரிவு வராது" என்கிறாள்.